கெர்ட்ரூட் ஜீக்கில்

கெர்ட்ரூட் ஜீக்கில் (நவம்பர் 29, 1843 – டிசம்பர் 8, 1932) இங்கிலாந்தைச் சேர்ந்த தோட்ட வடிவமைப்பாளர், தோட்டக்கலை எழுத்தாளர், ஓவியர், கைவினைஞர். சுமார் 400 தோட்டங்களுக்கு வடிவம் கொடுத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் பல நூல்களையும் எழுதியவர். ஓவியராக வேண்டும் என்று பயின்ற இவர், கண்பார்வை குறைந்ததால் தூரிகையையும் ஊசியையும் கைவிட நேர்ந்தது. அதன்பின் செடிகளையே வண்ணங்களாகக் கொண்டு மண்ணில் வேலை செய்தார். பூக்களை நிற வரிசைப்படி அமைக்கும் இவரது முறை இன்றும் தோட்டக்கலைப் பள்ளிகளில் பாடமாக உள்ளது. புதுதில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் இளமையில் இவருடன் இணைந்து பணியாற்றியவர்.

பெயர்

இவரது குடும்பப் பெயரைத் தமிழில் ‘ஜெக்கில்’ என்று எழுதுவது வழக்கம். குடும்பத்தார் முதல் எழுத்தை நீட்டி ‘ஜீக்கில்’ என்றே ஒலித்தனர். ஆர். எல். ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய புகழ்பெற்ற கதையில் வரும் மருத்துவரின் பெயரும் இதுவே. கெர்ட்ரூடின் தம்பி வால்டர் ஸ்டீவன்சனின் நண்பர். அந்த நட்பின் வழியே குடும்பப் பெயர் கதைக்குள் சென்றது என்பர்.

பிறப்பும் இளமையும்

கெர்ட்ரூட் ஜீக்கில் லண்டன் மேஃபேர் பகுதியில் பிறந்தார். தந்தை எட்வர்ட் ஜீக்கில் இராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். தாய் ஜூலியா. ஏழு குழந்தைகளில் இவர் ஐந்தாமவர். 1848-இல் குடும்பம் லண்டனைவிட்டு சர்ரி மாவட்டத்திலுள்ள பிராம்லி என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது இவருக்கு வயது நான்கு. அந்த ஊரின் மணற்பாங்கான மண், வேலியோரச் செடிகள், குடிசை வீடுகளின் முன் ஏழை மக்கள் வளர்த்த பூக்கள் ஆகியவை இவர் மனத்தில் ஆழப் பதிந்தன. பிற்காலத்தில் செல்வர் மாளிகைகளுக்குத் தோட்டம் அமைத்தபோதும் இவர் விரும்பித் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் அந்தக் குடிசை வீட்டுச் செடிகளே.

கல்வி

1861-இல் தம் பதினேழாம் வயதில் லண்டன் சவுத் கென்சிங்டன் கலைப் பள்ளியில் சேர்ந்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே சிறிது ஓவியமும் இசையும் கற்றால் போதும் என்று கருதப்பட்ட காலம் அது. இவரோ முறையான மாணவியாகச் சேர்ந்து, உடற்கூறு, தாவர வரைபடம், நிறக் கோட்பாடு ஆகியவற்றைப் பயின்றார். லண்டன் தேசிய ஓவியக் கூடத்திற்குச் சென்று டர்னரின் ஓவியங்களைப் பிரதி எடுத்துப் பழகினார். 1863-இல் நண்பர்களான நியூட்டன் தம்பதியருடன் கிரேக்கத் தீவுகளுக்கும் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் பயணம் செய்தார். மத்தியதரைக் கடற்கரையின் சாம்பல் நிற இலைச் செடிகளை அங்கே நேரில் பார்த்தது பின்னாளில் பயன்பட்டது.

கலைப் பள்ளியில் இவர் அறிந்த கருத்துகளில் முதன்மையானது, பிரெஞ்சு வேதியியலர் செவ்ரலின் நிறக் கோட்பாடு. செவ்ரல் பாரிஸ் கோபலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர். அங்குள்ள கறுப்புச் சாயம் மங்கலாக உள்ளது என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை. கறுப்பு நூலின் பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நிறமே அதனை மங்கலாகக் காட்டியது. ஒரு நிறம் தனித்து நிற்பதில்லை, அண்டை நிறத்தைப் பொறுத்தே அது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது செவ்ரல் கண்ட முடிவு. இதை விளக்கும் அவரது நூல் 1839-இல் வெளிவந்தது. ஜீக்கிலின் தோட்டங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்தை நினைவில் வைத்துக்கொள்வது உதவும்.

கைவினைகள்

1876-இல் தந்தை இறந்தபின் குடும்பம் சர்ரிக்கே திரும்பி, காடல்மிங் அருகே மன்ஸ்டெட் என்ற இடத்தில் வீடு கட்டிக் குடியேறியது. அதற்கு முன்பும் பின்பும் ஜீக்கில் பல கைத்தொழில்களில் ஈடுபட்டார். பூத்தையல், வெள்ளி வேலை, மரச்செதுக்கு, உள்ளறை அலங்காரம் ஆகிய அனைத்தையும் தாமே கற்றுச் செய்தார். ஜான் ரஸ்கின், வில்லியம் மோரிஸ் ஆகியோரின் அறிமுகம் கிடைத்தது. இயந்திரத்தால் செய்த பொருளைவிடக் கைவினைஞன் தன் பொருளை அறிந்து செய்த பொருளே உயர்ந்தது என்ற அவர்களது கொள்கை இவருக்கும் உடன்பாடானது. 1880-களின் நடுவில் புகைப்படக்கலையையும் கற்று, படங்களைக் கழுவுவது வரை தாமே செய்தார். இவரது நூல்களில் உள்ள படங்களில் பல இவரே எடுத்தவை.

பார்வைக் குறைவு

ஜீக்கிலுக்குச் சிறு வயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை இருந்தது. நுண்ணிய பூத்தையலும் ஓவியமும் கண்ணை மேலும் வருத்தின. 1891-இல் ஜெர்மனியில் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். நோய் குணமாகாது, இருக்கும் பார்வையைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் ஓவியத்தையும் தையலையும் விட்டுவிட வேண்டும் என்று அவர் கூறிவிட்டார். அப்போது ஜீக்கிலுக்கு வயது நாற்பத்தேழு. முப்பது ஆண்டுகள் பழகிய கலை கைவிட்டுப் போனது.

தோட்ட வேலை இவருக்கு அதற்கு முன்பே பழக்கமானதுதான். மன்ஸ்டெட் வீட்டில் தாய்க்காக அமைத்த தோட்டத்தைக் காண 1880-இலேயே அறிஞர்கள் வந்திருந்தனர். ஆனால் அதுவரை பல வேலைகளில் ஒன்றாக இருந்த தோட்டம் இப்போது வாழ்வின் ஒரே வேலையாயிற்று.

இவரது தோட்டங்களில் பூக்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிய ஓவியம்போல் தெரிவதற்குக் காரணம் இவரது மங்கிய பார்வையே என்று சிலர் எழுதியுள்ளனர். இது கேட்பதற்கு நன்றாக உள்ளது. ஆனால் முழு விளக்கம் ஆகாது. பார்வை மங்கியவர் எல்லோரும் இப்படித் தோட்டம் அமைத்துவிடவில்லை. கலைப் பள்ளியில் பெற்ற பயிற்சியும், ஒவ்வொரு செடியையும் ஆண்டுக்கணக்கில் கவனித்த பழக்கமுமே பெரிய காரணங்கள். கிட்டப்பார்வை உள்ளவர் செடியின் அருகே குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இலையின் தொடுவுணர்வு, மணம், மேற்பரப்பு ஆகியவற்றை இவர் மற்றவர்களைவிட நெருக்கமாக அறிந்திருந்தார்.

அக்காலத் தோட்டங்கள்

ஜீக்கில் செய்த மாற்றத்தை அறிய, அவருக்கு முன் இருந்த நிலையை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துச் செல்வர் வீடுகளில் ‘பதியப்பாத்தி’ முறை பரவியிருந்தது. வெப்பநாட்டுச் செடிகளைக் கண்ணாடிக் குடில்களில் ஆயிரக்கணக்கில் வளர்ப்பார்கள். கோடை வந்ததும் அவற்றை வட்டம், சதுரம், நட்சத்திரம் என வெட்டிய பாத்திகளில் நெருக்கமாக நடுவார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கம்பளம் விரித்ததுபோல் சில மாதங்கள் இருக்கும். பருவம் முடிந்ததும் அனைத்தையும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

இதனைக் கடுமையாக எதிர்த்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன். குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் தானே தளிர்க்கும் செடிகளை இயல்பாக வளரவிட வேண்டும் என்பது அவர் வாதம். 1870-இல் ‘காட்டுத் தோட்டம்’ என்ற நூலையும், 1883-இல் ‘ஆங்கிலப் பூந்தோட்டம்’ என்ற நூலையும் வெளியிட்டார். ஜீக்கில் 1875-இல் ராபின்சனைச் சந்தித்தார். 1881 முதல் அவரது ‘தி கார்டன்’ இதழில் எழுதத் தொடங்கினார்.

மறுபக்கம், கட்டடக் கலைஞர் ரெஜினால்ட் பிளோம்ஃபீல்ட் 1892-இல் வெளியிட்ட நூலில், தோட்டம் என்பது வீட்டின் தொடர்ச்சி, அதைக் கட்டடக் கலைஞனே நேர்கோட்டில் வகுக்க வேண்டும் என்றார். இரு தரப்புக்கும் சூடான சண்டை நடந்தது. இந்தச் சண்டைக்கு வாதத்தால் அன்றிச் செயலால் விடை கண்டவர்கள் ஜீக்கிலும் லுட்யன்ஸும்.

லுட்யன்ஸுடன் கூட்டுப்பணி

1889-இல் நண்பர் ஒருவர் வீட்டுத் தேநீர் விருந்தில் ஜீக்கில் லுட்யன்ஸைச் சந்தித்தார். அவருக்கு வயது இருபது, இவருக்கு நாற்பத்தைந்து. லுட்யன்ஸ் அப்போதுதான் தொழில் தொடங்கிய இளைஞர். இருவரும் குதிரை வண்டியில் சர்ரி மாவட்டத்துச் சிற்றூர்களைச் சுற்றி, பழைய வீடுகளின் கூரை, சுவர், புகைபோக்கி ஆகியவற்றை ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தனர். இந்தப் பயணங்களே லுட்யன்ஸுக்கு இரண்டாவது பள்ளியாக அமைந்தன. அவர் இவரைச் செல்லமாக ‘பம்ப்ஸ் அத்தை’ என்று அழைத்தார்.

இருவரும் சேர்ந்து சுமார் நூறு தோட்டங்களை உருவாக்கினர். வேலைப் பிரிவினை பொதுவாக இப்படி இருந்தது: சுவர், படிக்கட்டு, தளம், வாய்க்கால், குளம், பந்தல் ஆகிய கல் வேலைகளை லுட்யன்ஸ் தெளிவான நேர்கோடுகளில் வகுப்பார். அந்தக் கோடுகளின் மேல் செடிகள் வழிந்து, சாய்ந்து, விரிசல்களில் முளைத்து நிற்குமாறு ஜீக்கில் நடவு வகுப்பார். பிளோம்ஃபீல்ட் கேட்ட ஒழுங்கும் ராபின்சன் கேட்ட இயல்பும் ஒரே தோட்டத்தில் அமைந்தன. ‘லுட்யன்ஸ் வீடு, ஜீக்கில் தோட்டம்’ என்பது அன்றைய இங்கிலாந்தில் ஒரு மதிப்புச் சொல்லாயிற்று.

பின்னர் லுட்யன்ஸ் புதுதில்லியை வகுக்கும் பணியை ஏற்றார். இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக உள்ள கட்டடமும் அதன் பின்னுள்ள தோட்டமும் (முன்பு முகலாயத் தோட்டம், 2023 முதல் அம்ரித் உத்யான்) அவர் வடிவமைத்தவை. தில்லித் தோட்டத்தின் செடி நடவைச் செய்தவர் தோட்டக்கலை நிபுணர் வில்லியம் மஸ்டோ. ஜீக்கிலுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. ஆயினும் நீர் வாய்க்கால்களையும் கல் தளங்களையும் பூம்பாத்திகளோடு இணைக்கும் பாடத்தை லுட்யன்ஸ் ஜீக்கிலுடன் பணியாற்றிய ஆண்டுகளில்தான் பழகியிருந்தார்.

மன்ஸ்டெட் உட்

1880-களின் தொடக்கத்தில் தாயின் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு மறுபுறம் சுமார் 15 ஏக்கர் நிலத்தை ஜீக்கில் வாங்கினார். மணற்பாங்கான, வளம் குறைந்த மண். முதலில் தோட்டத்தை அமைத்தார். வீடு பல ஆண்டுகளுக்குப் பிறகே, 1896–97-இல், லுட்யன்ஸின் வடிவில் உள்ளூர் மணற்கல்லாலும் ஓக் மரத்தாலும் கட்டப்பட்டது. வீடு கட்டி மிச்ச இடத்தில் தோட்டம் போடுவதே உலக வழக்கம். இங்கே தோட்டம் முந்தியது. வீடு அதற்குப் பொருந்தி வந்தது.

மன்ஸ்டெட் உட் இவரது இல்லம் மட்டுமன்று. சோதனைக் கூடமும் நாற்றுப்பண்ணையும் அதுவே. ஒரே பாத்தி ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்க முடியாது என்பதை இவர் ஒப்புக்கொண்டார். எனவே தோட்டத்தைப் பருவங்களுக்குப் பிரித்தார். இளவேனிலுக்கு ஒரு தோட்டம், பிரிம்ரோஸ் பூக்களுக்கு ஒன்று, கோடை முதல் இலையுதிர் காலம் வரை முதன்மைப் பாத்தி, செப்டம்பர்–அக்டோபரில் பூக்கும் ஆஸ்டர் செடிகளுக்குத் தனிப் பாத்தி என்று வகுத்தார். பார்வையாளர் எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஓரிடத்தில் தோட்டம் தன் உச்சத்தில் இருக்கும்.

நிறப்பாத்தி

ஜீக்கிலின் புகழுக்கு அடித்தளம் மன்ஸ்டெட் உட்டின் முதன்மைப் பாத்தி. நீளம் 200 அடி, அகலம் 14 அடி. பின்னால் 11 அடி உயரமுள்ள மணற்கல் சுவர். இதன் அமைப்பு வருமாறு:

- இரு முனைகளிலும் சாம்பல் நிற இலைச் செடிகள். அவற்றோடு நீலம், வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு ஆகிய குளிர்ந்த நிறப் பூக்கள்.
- உள்ளே செல்லச் செல்ல நிறம் அடர் மஞ்சளாகி, பின் செம்மஞ்சளாகும்.
- நடுவில் கடும் சிவப்பு. டேலியா, கல்வாழை, சால்வியா, துலுக்கச் சாமந்தி போன்றவை இங்கே இடம்பெற்றன.
- நடுவைக் கடந்ததும் அதே வரிசையில் நிறம் தணிந்து, மறுமுனையில் ஊதாவும் மென்னிறங்களுமாக முடியும்.

நடுவில் இருந்த கல்வாழையும் சாமந்தியும் நம் ஊரில் கிணற்றடியிலும் வாசலிலும் காணும் எளிய செடிகளே. செடி அரியதா என்பதை ஜீக்கில் பொருட்படுத்தவில்லை; எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது என்பதையே பார்த்தார்.

இந்த வரிசைக்குக் காரணம் கண்ணின் இயல்பு. சிவப்பையும் செம்மஞ்சளையும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த கண், அவற்றுக்கு எதிரான நிறங்களை ஏற்கத் தயாராகிவிடுகிறது. அந்நிலையில் சாம்பலும் நீலமும் எதிர்ப்பட்டால் அவை இயல்பைவிட ஒளியுடன் தோன்றும். செவ்ரல் நூலிழையில் கண்ட விதியை ஜீக்கில் செடிகளில் நடத்திக் காட்டினார். இதே காரணத்தால், ‘நீலத் தோட்டம்’ என்று பெயர் வைத்ததற்காக அதில் நீலப் பூக்களை மட்டுமே வைப்பது அறியாமை என்றும் எழுதினார். நீலம் நீலமாகத் தெரிய அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை லில்லியோ சிறிது வெளிர் மஞ்சளோ தேவை.

நீள்திட்டு முறையும் இவருடையது. ஒரே வகைச் செடிகளை வட்டமாகவோ சதுரமாகவோ நடாமல், பாத்தியில் சாய்வாக ஓடும் நீண்ட, குறுகிய திட்டாக நடுவார். ஒரு திட்டின் முனை அடுத்த திட்டின் பின்னால் மறையும். இதில் இரண்டு பயன்கள் உள்ளன. நிறங்கள் வெட்டுப்படாமல் ஒன்றில் ஒன்று கலக்கின்றன. ஒரு செடி பூத்து ஓய்ந்தபின் விடும் வெற்றிடம் நீண்டு மெலிந்திருப்பதால், அக்கம்பக்கச் செடிகள் அதனை எளிதில் மூடிவிடுகின்றன.

வெற்றிடத்தை மூடுதல்

பூந்தோட்டத்தின் பெரிய சிக்கல், பூத்து முடிந்த செடி விட்டுச்செல்லும் இடைவெளி. ஜீக்கில் இதற்குக் கண்ட வழிகள் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பெற்றவை. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

கசகசாச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஓரியண்டல் பாப்பி, முன்கோடையில் பூத்தபின் இலையோடு காய்ந்துவிடும். அதன் அருகே ஜிப்சோபிலாவை நட்டார். பாப்பி காயும் நேரத்தில் ஜிப்சோபிலா வெண்மேகம்போல் விரிந்து அந்த இடத்தை மூடும. அதுவும் பூத்து விதை பிடித்துப் பழுப்பாகும்போது, அதன்மேல் படரும்படி நஸ்டர்ஷியம் கொடியை முன்பே விதைத்திருப்பார். ஒரே இடத்தில் மூன்று செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தன.

அதுபோல் உயரமான டெல்பினியம் பூத்து முடிந்ததும், அதன் தண்டுகளை ஓரளவு உயரத்தில் வெட்டி நிறுத்தி, பின்னாலுள்ள பட்டாணி இனக் கொடியை அவற்றின்மேல் இழுத்துவிடுவார். அது ஓய்ந்ததும் கிளமாட்டிஸ் கொடி வரும். இவையெல்லாம் போதாத இடத்தில், தொட்டிகளில் தயாராக வளர்த்த லில்லி, ஹைட்ரேஞ்சியா செடிகளைக் கொண்டுவந்து பாத்திக்குள் வைத்துவிடுவார்.

பணி செய்த முறை

தோட்டம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் கடிதம் மூலமே இவரை அணுகினர். இளமையில் நேரில் சென்று பார்த்தார். வயதும் பார்வைக் குறைவும் கூடியபின் பயணத்தைக் குறைத்துக்கொண்டார். நிலத்தின் அளவு வரைபடம், திசை, மண்ணின் தன்மை, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவார். அவற்றைக் கொண்டு ஒவ்வொரு பாத்திக்கும் அளவுத் தாளில் திட்டம் வரைவார். எந்தத் திட்டில் எந்தச் செடி, எத்தனை என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுப்பார். தேவையான செடிகளில் பலவற்றை மன்ஸ்டெட் உட் நாற்றுப்பண்ணையிலிருந்தே கட்டி அனுப்புவார்.

இவ்வாறு கடிதத்திலேயே அமைந்த தோட்டங்களுள் ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள கிளீப் ஹவுஸ் தோட்டம். 1926-இல் இதற்குத் திட்டம் வரைந்தபோது இவருக்கு வயது எண்பத்திரண்டு. ஜீக்கில் அமெரிக்காவிற்குச் சென்றதே இல்லை.

குறிப்பிடத்தக்க தோட்டங்கள்

ஹெஸ்டர்கோம்ப் (சாமர்செட்): 1904 முதல் லுட்யன்ஸுடன் அமைத்தது. இருவரின் கூட்டுப்பணியில் தலைசிறந்தது என்று பலராலும் கருதப்படுவது. தாழ்வான பெரிய சதுரத் தோட்டம், அதன் இருபுறமும் உயர்ந்த தளங்களில் ஓடும் ஒடுங்கிய நீர் வாய்க்கால்கள், தென்னெல்லையில் நீண்ட பந்தல் ஆகியவை இதன் உறுப்புகள்.

டீனரி கார்டன் (பெர்க்‌ஷயர்): ‘கன்ட்ரி லைஃப்’ இதழின் நிறுவனர் எட்வர்ட் ஹட்சனுக்காக லுட்யன்ஸுடன் செய்தது.

லிண்டிஸ்ஃபார்ன் கோட்டைத் தோட்டம் (நார்தம்பர்லாந்து): கடற்காற்று வீசும் தீவில், கோட்டைக்கு எதிரே சுவர் சூழ்ந்த மிகச் சிறிய தோட்டம். 1911-இல் திட்டம் வரையப்பட்டது.

அப்டன் கிரே (ஹாம்ப்‌ஷயர்): 1908-இல் வடிவமைக்கப்பட்டது. வீட்டின் ஒருபுறம் ஒழுங்கான தோட்டம், மறுபுறம் காட்டுத் தோட்டம் என இரு பாணிகளையும் ஒரே இடத்தில் காணலாம்.

இவற்றைத் தவிர, லுட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடிந்த மேரி அரசியின் பொம்மை வீட்டிற்கும் ஜீக்கில் ஒரு குட்டித் தோட்டம் வகுத்துக் கொடுத்தார்.

போர்க் கல்லறைகள்

முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்குக் கல்லறைகள் அமைக்கும் பொறுப்பை ஏற்ற ஆணையத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர்களுள் லுட்யன்ஸும் ஒருவர். அவர் மூலம் பிரான்சிலுள்ள சில கல்லறைகளுக்கு ஜீக்கில் நடவுத் திட்டம் வரைந்தார். பதவி வேறுபாடின்றி ஒரே அளவில் நிற்கும் நடுகற்கள். அவற்றின் அடியில் ஆங்கிலக் குடிசை வீட்டுத் தோட்டத்தின் எளிய பூச்செடிகள். சொந்த ஊர் திரும்பாத மகனின் கல்லறையைக் காண வரும் தாய், தன் வீட்டு வாசலில் பூக்கும் அதே செடியை அங்கும் காண வேண்டும். பிள்ளைப் பருவத்தில் பிராம்லியில் பார்த்த பூக்களை ஜீக்கில் இங்கே கொண்டு சேர்த்தார்.

அந்த ஆணையம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையும் அதன் பராமரிப்பில் உள்ளது. அது ஜீக்கில் மறைந்த பிறகு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்தது, அவர் வடிவமைத்ததன்று. ஆனால் வரிசையான நடுகற்களும் அவற்றின் அடியில் தாழ்ந்த பூச்செடிகளும் என்ற அமைப்பு, அந்தத் தொடக்கக் கால மரபின் தொடர்ச்சி. மாணவர்கள் நேரில் சென்று காணத்தக்க இடம் அது.

நூல்கள்

ஜீக்கிலின் முதல் நூல் ‘காடும் தோட்டமும்’ 1899-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பிற முக்கிய நூல்கள்:

- வீடும் தோட்டமும் (1900)
- சுவர்த் தோட்டங்களும் நீர்த் தோட்டங்களும் (1901)
- பழைய மேற்கு சர்ரி (1904): அழிந்துவரும் கிராமத்துப் புழங்கு பொருள்கள், வீடுகள், வழக்கங்கள் பற்றிய பதிவு
- பூந்தோட்டத்தில் நிறம் (1908): இவரது கோட்பாட்டை முழுமையாக விளக்கும் நூல்
- குழந்தைகளும் தோட்டங்களும் (1908)
- சிறிய நாட்டுப்புற வீடுகளுக்கான தோட்டங்கள் (1912): லாரன்ஸ் வீவருடன் எழுதியது

‘குழந்தைகளும் தோட்டங்களும்’ ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நூல். குழந்தைகளுக்குத் தனியாக ஒரு துண்டு நிலம் கொடுத்து, அதை அளக்கவும் வரைபடம் போடவும் விதைக்கவும் கற்றுத்தருகிறது. வீட்டுப் பூனைகளைப் பற்றியும் அதில் எழுதியுள்ளார்.

விருதுகள்

1897-இல் அரச தோட்டக்கலைச் சங்கம் விக்டோரியா கௌரவப் பதக்கத்தை ஏற்படுத்தியது. முதன்முதலில் அதைப் பெற்ற அறுபது பேரில் பெண்கள் இருவர் மட்டுமே. ஒருவர் ஜீக்கில், மற்றவர் எல்லென் வில்மாட். 1922-இல் வீச் நினைவுப் பதக்கமும், 1929-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் ஜார்ஜ் ராபர்ட் ஒயிட் பதக்கமும் பெற்றார். ‘மன்ஸ்டெட்’ லாவெண்டர், ‘மிஸ் ஜீக்கில்’ நைஜெல்லா ஆகிய செடி வகைகள் இவரை நினைவூட்டுகின்றன. 1986-இல் அறிமுகமான ஒரு ரோஜா வகைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.

1920-இல் வில்லியம் நிக்கல்சன் இவரது உருவப்படத்தை வரைந்தார். அப்போதே இவருடைய தேய்ந்துபோன தோட்டக் காலணிகளையும் தனி ஓவியமாகத் தீட்டினார். அந்தக் காலணி ஓவியம் லண்டன் டேட் ஓவியக் கூடத்தில் உள்ளது. வேலை செய்த ஒருவரை அறிய முகத்தைவிடக் காலணி போதும் என்று அதைப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

மறைவு

ஜீக்கில் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1932 டிசம்பர் 8 அன்று தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். பஸ்பிரிட்ஜ் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். நினைவுக்கல்லை லுட்யன்ஸ் வடிவமைத்தார். கலைஞர், தோட்டக்காரர், கைவினைஞர் என்ற மூன்று சொற்களே அதில் இவரைப் பற்றிச் சொல்கின்றன. ‘கலைஞர்’ என்பதே அவற்றுள் முதற்சொல்.

மறதியும் மீட்பும்

கட்டடம் கவனிப்பாரின்றி நூறாண்டு நின்றாலும் கட்டடமாகவே இருக்கும். தோட்டம் இரண்டு ஆண்டு கவனிக்கப்படாவிட்டால் புதராகிவிடும். ஜீக்கிலின் தோட்டங்களுக்கு நிறைய வேலையாட்கள் தேவைப்பட்டனர். உலகப் போர்களுக்குப் பின் அத்தனை ஆட்களை வைத்துக்கொள்ளும் வசதி மாளிகைகளுக்கு இல்லை. பாத்திகள் புல்தரையாயின. பல தோட்டங்கள் இருந்த இடம் தெரியாமல் அழிந்தன. மன்ஸ்டெட் உட் நிலமே பல பகுதிகளாகப் பிரிந்து விற்கப்பட்டது.

எஞ்சியவை தாள்கள். ஜீக்கிலை 1895-இல் நேரில் கண்டிருந்த அமெரிக்க நிலவடிவமைப்பாளர் பீட்ரிக்ஸ் ஃபேரண்ட், 1948-இல் இவரது வரைபடங்களையும் ஆவணங்களையும் விலைக்கு வாங்கினார். பின்னர் அவற்றைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்குக் கொடுத்தார். செடியின் பெயரும் எண்ணிக்கையும் எழுதப்பட்ட அந்தத் தாள்களால்தான் மீட்புப் பணி இயன்றது.

ஹெஸ்டர்கோம்ப் மாளிகை பிற்காலத்தில் தீயணைப்புப் படையின் அலுவலகமாக இருந்தது. அங்குள்ள தோட்டக் கொட்டகையில் ஜீக்கிலின் நடவுத் திட்டங்கள் சில கிடைக்க, 1973 முதல் தோட்டம் மீண்டும் அமைக்கப்பட்டது. 1984-இல் அப்டன் கிரே வீட்டை வாங்கிய தம்பதியர், தங்கள் வீட்டுத் தோட்டம் யாருடையது என்று அறிந்ததும் பெர்க்லியிலிருந்து வரைபடப் பிரதிகளை வரவழைத்து, புதரை அகற்றி, திட்டுக்குத் திட்டு பழையபடி நட்டனர். அவர்கள் தோட்டக்கலை பயின்றவர்கள் அல்லர். வரைபடத்தைப் படித்தே கற்றுக்கொண்டனர். கிளீப் ஹவுஸ் தோட்டமும் இவ்வாறே உயிர்பெற்றது. 2023-இல் மன்ஸ்டெட் உட்டை இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை வாங்கியது.

மதிப்பீடு

ஜீக்கிலின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் செல்வர்கள். அவரது பெரிய பாத்திகளை அப்படியே இன்று ஒருவர் வீட்டில் அமைப்பது இயலாது. அதற்கான ஆட்களும் நிலமும் நீரும் இல்லை. இக்குறை உண்மையே. ஆயினும் அவர் விட்டுச்சென்ற கொள்கைகள் சிறு வீட்டுக்கும் பள்ளித் தோட்டத்துக்கும் பொருந்துவன: மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுத்தல், எளிய செடியை இகழாமை, நிறத்தை அதன் அண்டை நிறத்தோடு சேர்த்துப் பார்த்தல், ஒன்று வாடும்போது அடுத்தது எழ முன்கூட்டியே விதைத்தல், செய்வதை எழுதிவைத்தல்.

கடைசியாகக் கூறியதே இன்றைய மாணவர்களுக்கு மிகவும் பயன்படுவது. ஜீக்கில் தம் கையால் நட்ட செடிகள் அநேகமாக எதுவும் இன்று இல்லை. ஆனால் எந்த இடத்தில் எந்தச் செடி, எத்தனை என்று அவர் எழுதிவைத்த தாள் இருந்தது. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து, அவரைக் கண்டிராத கைகள் அதே பூக்களை அதே இடத்தில் மீண்டும் மலரச் செய்தன.